பிறந்த தேதிக்கு மணி கிடையாது



நீளமான பதிவு. "சார் மறுபடி ஆரம்பிச்சிட்டார்" என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறவர்கள் மட்டும் கடைசிவரை படித்துவிட்டுப் போங்கள். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் இன்று அந்த வேலையில்தான் இருக்கிறீர்கள். உங்களைத் திட்டத்தான் இதை எழுதுகிறேன். அன்போடுதான் திட்டுகிறேன், ஆனாலும் திட்டுதான்.

என் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளிக்கு எதிர்வீட்டில், மத்தியான வெயிலில் தண்ணீர் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தவர். அத்தான் போன ஐப்பசியில் காலமாகிவிட்டார். குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இப்போதெல்லாம் எல்லாம் ஆன்லைன்தானே. நானே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். பிறந்த தேதி 12-07-1951. திரையில் 12 என்றுதான் இருந்தது. சமர்ப்பித்தேன். ரசீது வந்தது. அதில் 11-07-1951.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 11தான். என் கை தவறிவிட்டது என்று நினைத்து இன்னொரு முறை நிரப்பினேன். மறுபடி 11.

அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஆதார்ல 12, அப்ளிகேஷன்ல 11. பொருந்தலையே, ஐயா. ஆதார்ல 11ன்னு மாத்திட்டு வந்துடுங்க, ஈசியா முடிஞ்சிடும்" என்றார். எழுபது வருஷத்துக்கு மேலாக ஒரே தேதியோடு வாழ்ந்த மனுஷி, ஒரு பெட்டி தப்பாகச் சொன்னதற்காகத் தன் பிறந்தநாளை மாற்றிக்கொண்டு வர வேண்டுமாம். கடைசியில் முத்திரைத் தாள் வாங்கி, நோட்டரியிடம் போய், "12-07-1951 அன்று பிறந்தவரும் 11-07-1951 என்று பதிவாகியிருப்பவரும் ஒருவரே, அது நானே" என்று அக்கா கையெழுத்துப் போட்டார். பணம் வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அவர் என்னிடம் மாத்திரைக்குப் பணம் கேட்கக் கூச்சப்பட்டதை நான் மறக்கமாட்டேன்.

உதவி எண்ணுக்குப் போன் செய்தபோது ஒரு பெண்பிள்ளை சொன்னாள்: "அது டைம்ஸோன் இஷ்யூ சார், டெக்னிக்கல் டீமுக்குத் தெரியும்." ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் இந்த ஜில்லாவைத் தாண்டினதே ரெண்டு தடவைடா. எனக்கு என்னடா டைம்ஸோன்?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் எனக்குச் சரியான பதில் சொல்லவில்லை. ஏனென்றால் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அக்காவுக்கு டைம்ஸோன் கிடையாது. பிறந்த தேதி எதற்குமே டைம்ஸோன் கிடையாது. இல்லாத ஒன்றை நீங்கள் ஒட்டவைத்தீர்கள். அது கிழிந்தபோது பழியை அக்கா சுமந்தார்.

என்ன நடக்கிறது என்பதைப் பழைய மாணவன் ஒருவன் இரண்டு மணி நேரம் போனில் விளக்கினான். முப்பது வருஷம் முன்பு அவனுக்கு நான் தீர்க்கரேகை சொல்லிக்கொடுத்தேன், இப்போது அவன் எனக்கு. கணக்கு சரியாகிவிட்டது. இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காக அதை என் பாஷையில் சொல்கிறேன்.

ஒரு பிள்ளை நம் பள்ளியிலிருந்து வேறு பள்ளிக்குப் போகிறான். நம் சேர்க்கைப் பதிவேட்டை அப்படியே தூக்கிக் கொடுக்க முடியுமா? முடியாது. அதில் உள்ளதை ஒரு தாளில் எழுதி மாற்றுச் சான்றிதழாகக் கொடுக்கிறோம். அந்தப் பள்ளி அதைப் படித்துத் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்கிறது. கம்ப்யூட்டர்களும் அப்படித்தான். ஒன்றிடம் உள்ள தகவலை இன்னொன்றுக்கு அனுப்ப அதை எழுத்தாக்கிக் கட்ட வேண்டும். இதற்கு சீரியலைஸ் செய்வது என்று பெயர். இன்று அதிகமாக எழுதப்படும் தாளின் பெயர் ஜேசன். அந்தத் தாளில் எண்ணுக்கு இடம் உண்டு, எழுத்துக்கு இடம் உண்டு, ஆம் இல்லைக்கு இடம் உண்டு. தேதி என்று தனியாக ஒரு கட்டம் கிடையாது. எழுதுகிறவன் எப்படி எழுதுகிறானோ அதுதான்.

இங்கேதான் கோளாறு. பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 'டேட்' என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் தேதி. உள்ளே இருப்பது தேதியே கிடையாது. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி என்ற ஒரு எண். அதாவது, உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு கணம். அக்கா 12-07-1951 என்று சொன்னதும், படிவத்தின் நாட்காட்டிக் கட்டம் அதை '1951 ஜூலை 12, இந்திய நேரம் நள்ளிரவு 12 மணி' என்று தானாக எடுத்துக்கொண்டது. மணி கேட்டார்களா? இல்லை. சொன்னோமா? இல்லை. அதுவாகவே போட்டுக்கொண்டது. அனுப்பும்போது அதைக் கிரீன்விச் நேரத்துக்கு, உங்கள் பாஷையில் யுடிசிக்கு, மாற்றியது.

இப்போது என் பாடம். நம் நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கானது. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம். 82½ஐ 4ஆல் பெருக்கினால் 330 நிமிடம், ஐந்தரை மணி. நாம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே இங்கே 12ஆம் தேதி நள்ளிரவு என்றால், அங்கே 11ஆம் தேதி மாலை 6:30. தாளில் ஏறியது இது: 1951-07-11டி18:30:00.000இசட். நடுவில் வரும் 'டி' நேரம் தொடங்குகிறது என்பதற்கு, கடைசி 'இசட்' யுடிசி என்பதற்கு. வாங்கிக்கொண்ட கம்ப்யூட்டர் என்ன செய்தது? "நமக்குத் தேதி போதுமே" என்று முதல் பத்து எழுத்தை வைத்துக்கொண்டு மீதியை வெட்டி எறிந்தது. அக்கா ஒரு நாள் முன்னால் பிறந்துவிட்டார்.

கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருக்கிற எல்லாருக்கும் இது அனுப்பும்போது நடக்கிறது. மேற்கே இருக்கிறவர்களுக்குப் படிக்கும்போது நடக்கிறது. 1951-07-12 என்று வெறும் தேதியாக வந்தாலும் ஜாவாஸ்கிரிப்டின் 'டேட்' அதை யுடிசி நள்ளிரவு என்றே எடுத்துக்கொள்ளும். நியூயார்க்கில் திறந்து பார்த்தால் முந்தின நாள் சாயங்காலம். லண்டனில் என்ன ஆகும் என்றும் கேட்டேன். அங்கே குளிர்காலத்தில் உள்ளூர் நேரமும் கிரீன்விச் நேரமும் ஒன்று, கோடையில் ஒரு மணி நேரம் முன்னால். ஆகவே பெரும்பாலும் ஜனவரியில் பிறந்தவருக்கு ஒன்றும் ஆகாது, ஜூலையில் பிறந்தவருக்கு ஒரு நாள் போய்விடும். ஜனவரிப் பிறந்தநாளை மட்டும் போட்டுச் சோதித்துவிட்டு "என்னிடம் சரியாகத்தான் வருகிறது" என்று சொல்கிறவன் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்த இடத்தில் சரியாகத்தான் வந்திருக்கும்.

நம் பள்ளி எழுத்தர்களை நினைத்துப் பாருங்கள். மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதியை எண்ணாலும் எழுதுவார்கள், எழுத்தாலும் எழுதுவார்கள். '12-07-1951, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் ஆண்டு ஜூலைத் திங்கள் பன்னிரண்டாம் நாள்.' அடித்தல் திருத்தல் இருந்தால் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும். ஒன்று அழிந்தாலும் மற்றது நிற்கும், ஒன்றைத் திருத்தினால் மற்றது காட்டிக்கொடுக்கும். தொட்டு எழுதும் பேனாவும் மைக்கூடும் வைத்திருந்தவர் அவர். அவர் கையில் ஒரு பிள்ளையும் ஒரு நாள் முன்னால் பிறக்கவில்லை. அவர் தேதியைத் தேதியாக எழுதினார், அவ்வளவுதான் ரகசியம். "எந்த ஊர் நள்ளிரவு?" என்று அவர் யோசிக்கவே இல்லை, ஏனென்றால் அந்தக் கேள்விக்கு அங்கே வேலையே இல்லை.

இதை உங்களில் ஒருவனிடம் சொன்னபோது, "எல்லாத்தையும் யுடிசில வைக்கணும் சார், அதுதான் பெஸ்ட் பிராக்டிஸ்" என்றான். வேதவாக்கு மாதிரிச் சொன்னான். நான் எதிர்ப்பது இதைத்தான். மனப்பாடம் செய்த ஒரு வரியை எல்லாக் கேள்விக்கும் பதிலாக எழுதுகிற பழக்கம். பரீட்சையில் அப்படி எழுதியவர்களுக்கு நான் எவ்வளவு மார்க் போட்டேன் என்று உங்களுக்கே தெரியும்.

யுடிசியை நான் குறை சொல்லவில்லை. நடந்து முடிந்த ஒரு கணத்துக்கு அது அருமையான ஏற்பாடு. வங்கியில் பணம் போன நேரம், செய்தி வந்த நேரம், பூகம்பம் அதிர்ந்த நேரம். சென்னையில் இருப்பவனும் டொரான்டோவில் இருப்பவனும் ஒரே கணத்தைப் பேச வேண்டுமென்றால் ஒரு பொதுக் கடிகாரம் வேண்டும். ஆனால் தேதி என்பது வேறு பொருள். தீபாவளி ஒரு தேதி. வாடகை கட்ட வேண்டிய நாள் ஒரு தேதி. பிறந்தநாள் ஒரு தேதி. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும் உன் பிறந்தநாள் இரண்டரை மணி நேரம் நகர்ந்துவிடுகிறதா?

"ஆனா சார், பிறக்கிறது ஒரு கணம்தானே?" என்று இன்னொருத்தன் மடக்கினான். நல்ல கேள்வி, பதில் சொல்கிறேன்.

பிறப்பு ஒரு கணம்தான். ஆனால் பிறந்த தேதி என்பது பதிவேட்டில் உள்ள ஒரு வரி. இதை என்னைவிட நன்றாகச் சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். ஜூன் மாதம் அப்பா அம்மா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். "எப்போ பொறந்தான்?" "பெரிய புயல் வந்துச்சே, அதுக்கு அடுத்த வருஷம், நெல்லு அறுக்கையில." பையனைத் தலைக்கு மேல் கையை வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயசு. ஐந்து முடிந்த மாதிரி ஒரு மே மாதத் தேதியையோ ஜூன் மாதத் தேதியையோ எழுதிக்கொள்வோம். உங்களில் எத்தனை பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் என்று பின்னூட்டத்தில் கை தூக்குங்கள், பார்க்கலாம். அது என் கையெழுத்தாகவும் இருக்கலாம்.

"அப்போ நீங்களே தப்பா எழுதினீங்களே, ஒரு நாள் மாறினதுக்கு இவ்வளவு கோபமா?" என்பீர்கள். ஆமாம், எழுதினோம். அது சரி என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் எழுதிய மறுகணமே அதுதான் உன் தேதி. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், வேலை, பாஸ்போர்ட், ஓய்வு எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. எந்தக் கணத்தில் பிறந்தாய் என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு கணமே இல்லை என்னும்போது, அதை மில்லி விநாடியாக மாற்றி வைப்பதற்கு என்ன அர்த்தம்? தெரிந்ததைவிட அதிகம் தெரிந்த மாதிரி எழுதுவதும் பொய்தான், பிள்ளைகளே.

கணம் உண்மையிலேயே தேவைப்படுகிற இடமும் உண்டு. ஜாதகம் எழுதும் ஜோசியரிடம் போனால் அவர் மூன்று கேள்வி கேட்பார்: தேதி, நேரம், ஊர். மூன்றும் இல்லாமல் கட்டம் போடமாட்டார். விடியற்காலை 3 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரி ஏட்டில் புதன்கிழமை என்று இருக்கும், பாட்டி "இன்னும் பொழுது விடியலியே, செவ்வாய்தான்" என்பாள். இரண்டும் அவரவர் கணக்கில் சரி என்று அந்த ஜோசியருக்குத் தெரியும். ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் ஒரு கணத்தைக் குறிக்க என்னென்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊரும் நேரமும் கேட்காமலே நீங்கள் கணத்தைக் கட்டிவிடுகிறீர்கள்.

இந்தக் குற்றத்தைவிடப் பெரிய குற்றம் அதற்குப் போடுகிற ஒட்டு. "ஐந்தரை மணியைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும் சார்" என்கிறீர்கள். சரியாகுமா? இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடின. ஆறரை மணி வித்தியாசம். பழைய ஜோசியர்கள் அந்த ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கணக்குப் போடுவார்கள். 1943இல் பிறந்த ஒரு பெரியவரின் தேதியைப் பிரவுசர் நள்ளிரவாக எடுத்தால், நேர மண்டலங்களின் வரலாறு அதற்குத் தெரியும், ஆறரை மணியைக் கழிக்கும். முந்தின நாள் மாலை 5:30. நீ அங்கே ஐந்தரையைக் கூட்டினால் இரவு 11 மணி. இன்னும் முந்தின நாள்தான்! எண்பது தாண்டியவர்களுக்குத்தான் ஓய்வூதிய அலுவலகம் அதிகம் தேவை. உன் ஒட்டு அவர்களுக்குத்தான் ஒட்டாது.

"அப்போ மத்தியானம் 12 மணின்னு வெச்சுக்கலாம், ரெண்டு பக்கமும் இடம் இருக்கு" என்றான் ஒரு புத்திசாலி. நியூசிலாந்தில் கோடையில் யுடிசியைவிடப் பதின்மூன்று மணி நேரம் முன்னால். உன் யுடிசி மத்தியானம் அங்கே மறுநாள் அதிகாலை 1 மணி. நள்ளிரவு எல்லா ஊரிலும் இருக்கும் என்றுகூட நம்பாதே. பிரேசிலில் கோடை நேரம் இருந்த காலத்தில், அது தொடங்கும் இரவு 11:59க்கு அப்புறம் நேரே 1 மணி. அந்த நாளுக்கு 12 மணியே கிடையாது. சிங்கப்பூரில் 1981 டிசம்பர் 31 இரவு 11:30க்குக் கடிகாரத்தைத் தள்ளி 1982 ஆக்கினார்கள். அன்றைய கடைசி அரை மணி அங்கே யாருக்கும் நடக்கவில்லை. ஓட்டைப் பானைக்கு எத்தனை ஒட்டுப் போடுவாய்? மணியே வேண்டாத பொருளை மணியில் வைக்காதே. அவ்வளவுதான்.

ஒரு நாள்தானே என்று நினைக்காதீர்கள். அரசு ஊழியர் ஓய்வு விதி தெரியுமா? ஓய்வு வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஆனால் மாதத்தின் முதல் தேதி பிறந்தவருக்கு முந்தின மாதக் கடைசி நாள். 2-6-1966 அன்று பிறந்தவர் 60 வயதில் 30-6-2026 அன்று ஓய்வு பெறுவார். உன் தாள் அவரை 1-6-1966 ஆக்கிவிட்டால் 31-5-2026. ஒரு மாதச் சம்பளம் போச்சு.

பிறந்த தேதியைப் பார்த்தாயிற்று. அடுத்து, வரப்போகிற நேரம். இதிலும் உங்கள் வேதவாக்கு பலிக்காது. என் பேத்திகள் நியூஜெர்சியில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர்க் காலை 9:30க்கு ஆன்லைனில் தமிழ் வகுப்பு என்று மகள் ஒரு செயலியில் போட்டுவைத்தாள். எனக்கு இரவு 7 மணி. நன்றாக நடந்தது. நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அந்த ஞாயிறு நான் 7 மணிக்குத் தலை சீவி, விபூதி பூசி, திரை முன்னால் உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. அங்கே காலை 8:30, குழந்தைகள் தூக்கம். செயலி 'காலை 9:30, நியூயார்க் நேரம்' என்பதை வைத்துக்கொள்ளாமல், முதல் நாளே யுடிசி 13:30 என்று மாற்றி அதை மட்டும் வைத்திருந்தது. மகள் வாக்குக் கொடுத்தது அவள் சுவர்க் கடிகாரத்துக்கு. செயலி எழுதிக்கொண்டது கிரீன்விச்சின் கடிகாரத்தை.

"-04:00 என்று சேர்த்து எழுதியிருந்தால்?" என்றும் கேட்டேன். பயனில்லையாம். -04:00 என்பது அன்றைக்கு இருந்த வித்தியாசம் மட்டும், அது ஊர் ஆகாது. எப்போது கடிகாரம் மாறும் என்பது ஊரின் பெயருக்குத்தான் தெரியும். அதற்காகவே 'அமெரிக்கா/நியூயார்க்', 'ஆசியா/கொல்கத்தா' என்று பெயர் வைத்து உலக நேர விதிகளை எல்லாம் தொகுத்து வைத்திருக்கிறார்கள். நாம் சொல்லும் ஐஎஸ்டி என்ற சுருக்கெழுத்தையும் நம்ப வேண்டாம். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றும் அதைச் சொல்லும்.

விதிகள் மாறும் என்பதை நம் இலங்கைச் சொந்தங்களைக் கேளுங்கள். 1996 மே மாதம் ஐந்தரை ஆறரை ஆனது. அதே அக்டோபரில் ஆறு ஆனது. 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரை. லெபனானில் 2023 மார்ச்சில் கோடை நேரத்தைத் தள்ளிவைப்பதாகச் சில நாள் முன்பு அறிவித்து, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். அடுத்த வருஷத்துக்கான சந்திப்பை இன்றே யுடிசியாக்கி வைப்பது, அரசாங்கம் இன்னும் போடாத உத்தரவுக்கு இன்றே கணக்குப் போடுவது மாதிரி.

"டெட்லைன் சார், எங்களுக்கு நேரம் இல்லை" என்பீர்கள். நியாயம் இருக்கிறது. மொழியே இப்படி வைத்திருக்கிறதே என்பீர்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் அவசரமாகப் பிறந்தபோது ஜாவாவின் டேட்டைப் பார்த்து எழுதியது. அதனால்தான் அதில் ஜனவரி பூஜ்யமாம், டிசம்பர் பதினொன்றாம்! என் வகுப்பில் அப்படி எழுதியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். ஆனால் ஜாவாவே 2014இல் தப்பை ஒப்புக்கொண்டு, மணியே இல்லாத தேதிக்கென்று 'லோக்கல்டேட்' என்று தனி வகை கொண்டுவந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கும் 'டெம்போரல்' வருகிறதாம், அதில் 'பிளைன்டேட்' உண்டு. டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல் தரத்தில் 1992லேயே தேதிக்குத் தனி வகை. பிரவுசரில் தேதிக்கென்றே இருக்கும் கட்டம், 1951-07-12 என்று வெறும் எழுத்தாகவே உன் கையில் தருகிறது. உண்மை கையில் வந்தது. அதை அப்படியே அனுப்பியிருந்தால் போதும். வாங்கித் திரித்து அனுப்புவதற்கு அதைவிட அதிக வேலை செய்திருக்கிறீர்கள். நேரம் இல்லை என்று எப்படி நம்புவது?

எனக்கு உண்மையான கோபம் பிழை மீது இல்லை. நானும் கரும்பலகையில் தப்பு எழுதியிருக்கிறேன், நீங்கள் எழுந்து நின்று சொல்லியிருக்கிறீர்கள், நான் அழித்து எழுதியிருக்கிறேன். 'டெக்னிக்கல் டீமுக்குத் தெரியும்' என்ற அந்த வார்த்தை மீதுதான் கோபம். தெரிந்தும் அப்படியே கிடக்கிறது. தெரியாத அக்கா நோட்டரி வாசலில் வெயிலில் நிற்கிறார். பதிவேடு தப்பு செய்தால் பதிவேட்டைத் திருத்துவதுதான் முறை. மனிதரைப் பதிவேட்டுக்குத் தகுந்த மாதிரி திருத்தச் சொல்வதை எந்தப் பள்ளியில் படித்தீர்கள்? என் பள்ளியில் இல்லை.

ஆகவே வீட்டுப்பாடம். துறையில் இருக்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

1. எழுதும் முன் கேள்: இது நடந்து முடிந்த கணமா, நாட்காட்டித் தேதியா, வரப்போகும் சந்திப்பா? மூன்றுக்கும் மூன்று விதம்.

2. நடந்த கணமா? யுடிசியில் எழுது, கடைசியில் இசட் போடு. இசட்டும் இல்லாமல் வித்தியாசமும் இல்லாமல் மொட்டையாக அனுப்பாதே. வாங்குகிறவன் தன் ஊர் என்று நினைப்பான்.

3. தேதியா? 1951-07-12, பத்தே எழுத்து. ஆண்டு, மாதம், நாள். ஐஎஸ்ஓ 8601 சொல்லும் வரிசை இதுதான். 12/07 என்று எழுதினால் அமெரிக்காவில் டிசம்பர் 7 ஆகிவிடும். அனுப்பும்போதும் எழுத்து, வாங்கும்போதும் எழுத்து, டேட்டாபேஸிலும் தேதி வகை. நடுவில் எங்கும் மணி நுழையக் கூடாது.

4. வரப்போகும் சந்திப்பா? சுவர்க் கடிகார நேரத்தையும் ஊர் மண்டலத்தின் பெயரையும் சேர்த்து வை. யுடிசியை வேண்டுமானால் பக்கத்தில் கணக்குப் போட்டு வை. விதி மாறினால் மறுபடி கணக்குப் போடு.

5. ஆண்டு மட்டும் தெரிந்தவருக்கு ஆண்டை மட்டும் வை. ஜனவரி 1 என்று நீயாகப் போடாதே. தேதியே தெரியாவிட்டால் காலியாக விடு. காலியைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு 01-01-1970 என்று அச்சடித்த ரசீது என்னிடம் ஒன்று இருக்கிறது.

6. சோதிக்கும்போது கம்ப்யூட்டரின் ஊரை ஆக்லாந்துக்கு ஒரு தடவை, நியூயார்க்குக்கு ஒரு தடவை மாற்றிப் பார். 1943இல் பிறந்த ஒருவரின் தேதியைப் போட்டுப் பார். அனுப்பியதும் திரும்பி வந்ததும் ஒன்றா என்று பார். பத்து நிமிட வேலை.

துறையில் இல்லாத சொந்தங்களுக்கும் ஒன்று. ஆன்லைனில் எதை நிரப்பினாலும் ரசீதில் பிறந்த தேதியைப் பாருங்கள். ஒரு நாள் குறைந்திருந்தால் அது உங்கள் கை தவறியது அல்ல. ஆதாரை மாற்றப் போகாதீர்கள். ரசீதை எடுத்துக்கொண்டு போய், "உங்கள் கம்ப்யூட்டர் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றி ஒரு நாளை வெட்டிவிட்டது, பதிவேட்டைத் திருத்துங்கள்" என்று எழுதிக் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். சாயங்காலம் 5 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். இந்திய நேரம்.

அக்காவிடம் இந்தப் பதிவை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பசங்களை ரொம்பத் திட்டாதே, சின்னதுல மோர் குடிச்ச பிள்ளைங்கதானே" என்றார். அதனால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். வருகிற ஜூலை 12ஆம் தேதி அவருக்குப் பிறந்தநாள். வாழ்த்துச் சொல்ல நினைக்கிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் 12ஆம் தேதியே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய புவியியல் வாத்தியார்